முதலாளி மேயரானால்: சாவிக்கொத்து யார் இடுப்பில்?

வடசென்னையில், எங்கள் கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடிக் கிடக்கும்போது நடக்கும் அரசியல் பேச்சுக்கு அளவே கிடையாது. சரக்கு ரயில் என்று தெரிந்துவிட்டால் வண்டியை அணைத்துவிட்டு ஊர் முழுவதையும் அலசிவிடுவோம். போன வாரம் பக்கத்தில் ஸ்கூட்டரில் நின்ற அண்ணாச்சிக்கு செம்புதாஸ் தெருவில் இரும்புக்கடை. இரண்டு பக்கமும் நீண்ட வரிசையைப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "பெரிய கம்பெனி நடத்துன முதலாளி ஒருத்தரைக் கொண்டாந்து மேயரா உக்கார வைக்கணும் தம்பி. ஆறே மாசத்துல ஊரு மாறிடும். நியூயார்க்குல அப்படித்தானே செஞ்சாங்க?"

இதை நான் பல பேரிடம், பல வருடங்களாகக் கேட்டிருக்கிறேன். நியூயார்க்கில் அப்படி ஒருவர் வந்தது உண்மை. அவர் செய்த மாற்றங்களும் உண்மை. ஆனால் 'மேயர்' என்ற ஒரே சொல் அங்கே ஒரு வேலையையும் இங்கே வேறொரு வேலையையும் குறிக்கிறது. இது புரியாததால்தான் நாம் மேயரிடம் முடியாததைக் கேட்டுக் கோபப்படுகிறோம், முடிந்ததைக் கேட்காமல் விட்டுவிடுகிறோம்.

கடை வேறு, பிளாக் வேறு

அண்ணாச்சியையே எடுத்துக்கொள்வோம். காலையில் கடை வாசலில் லாரி வந்து நிற்கிறது. "கம்பியை உள்ள இறக்கு, ஆங்கிளை வெளியவே போடு" என்கிறார். அடுத்த நிமிடம் சரக்கு இறங்குகிறது. ஆள் வைப்பதும் நிறுத்துவதும் அவர் முடிவு. கல்லாச் சாவி அவரிடம். விலை ஏறும் என்று நினைத்தால் கூடுதலாக வாங்கிப் போடுவார், தப்பிப் போனால் நஷ்டமும் அவருக்கே.

மாலையில் வீடு திரும்புகிறார். வீடு ஹவுசிங் போர்டு பிளாக்கில். அங்கே அவர்தான் சங்கத் தலைவர் என்று வைத்துக்கொள்வோம். மேல்தொட்டியைக் கழுவ வேண்டும். கூட்டம் போடலாம், வீட்டுக்கு இவ்வளவு என்று சந்தா பேசலாம். ஆனால் கட்டடம் வாரியத்துடையது. மின்சார மீட்டர் பெட்டி வேறு துறையுடையது. வாசலில் ஓடும் சாக்கடை இன்னொருவருடையது. மூன்றாம் மாடிக்காரர் சந்தா தர மாட்டேன் என்றால், அவரை வேலையிலிருந்து நிறுத்த முடியாது. உட்கார வைத்துப் பேசித்தான் ஆக வேண்டும்.

காலையில் பார்த்த மனிதர்தான், அதே மூளைதான். கடையில் அவர் சொல் நேரே வேலையாக மாறுகிறது. பிளாக்கில் அந்தச் சொல் நாற்பது வீட்டுச் சம்மதத்தைத் தாண்டித்தான் வேலையாக மாறும். நம் வீடுகளில் 'சாவிக்கொத்து யார் இடுப்பில்?' என்று கேட்பார்களே, அந்தக் கேள்விதான் இது. பெரியவர் என்ற மரியாதை ஒருவருக்கு இருக்கும். பீரோவைத் திறப்பவர் இன்னொருவராக இருப்பார்.

ஒரு முடிவை ஆணையாக மாற்றி, ஆளையும் பணத்தையும் ஏவி, அதை நடத்தி முடிக்கும் உரிமைக்கு நிறைவேற்று அதிகாரம் என்று பெயர். இந்தக் கட்டுரையில் சாவிக்கொத்து என்று சொல்லும்போதெல்லாம் அதைத்தான் சொல்கிறேன்.

நியூயார்க்கில் நடந்தது

மைக்கேல் புளூம்பெர்க் படித்தது மின்பொறியியல், அப்புறம் ஹார்வர்டில் வணிக மேலாண்மை. 1966-இல் சாலமன் பிரதர்ஸ் என்ற முதலீட்டு நிறுவனத்தில் சேர்ந்து பங்குதாரராகும் அளவுக்கு உயர்ந்தார். 1981-இல் அந்த நிறுவனம் கைமாறியபோது அவரை அனுப்பிவிட்டார்கள். பங்குக்காகக் கையில் கிடைத்தது சுமார் 1 கோடி டாலர். அதை வைத்துப் பங்குச் சந்தை, கடன் பத்திரச் சந்தை விவரங்களை உடனுக்குடன் திரையில் காட்டும் கணினி முனையம் ஒன்றை உருவாக்கி வங்கிகளுக்கு வாடகைக்கு விட்டார். முதல் பெரிய வாடிக்கையாளர் மெரில் லிஞ்ச். புளூம்பெர்க் நிறுவனம் அப்படித்தான் வளர்ந்தது.

2001 தேர்தலில் சொந்தப் பணத்தில் 7 கோடி டாலருக்கு மேல் செலவழித்து வென்றார். 2002 ஜனவரி முதல் 2013 டிசம்பர் வரை மூன்று முறை மேயர். ஆண்டுச் சம்பளமாக 1 டாலர் வாங்கிக்கொண்டார். தனி அறையில் உட்காராமல், பெரிய கூடம் ஒன்றின் நடுவே மேசை போட்டு, சுற்றிலும் துணை மேயர்களையும் அதிகாரிகளையும் உட்கார வைத்தார். பங்கு வர்த்தக நிறுவனங்களின் வழக்கம் அது. 2003-இல் 311 என்ற ஒற்றைத் தொலைபேசி எண்ணைத் தொடங்கினார். குப்பை, பள்ளம், இரைச்சல், எரியாத விளக்கு என்று எதற்கும் அந்த ஒரு எண். வந்த புகார்களை எண்ணிப் பார்த்து, எந்தத் துறை எங்கே சுணங்குகிறது என்று கண்டுபிடிக்கலாம்.

இதெல்லாம் ஏன் முடிந்தது? திறமை ஒரு காரணம்தான். அந்த ஊர்ச் சட்டப்படி போலீஸ் ஆணையரை நியமிப்பவர் மேயர். தீயணைப்பு, துப்புரவு, சாலை, பூங்கா ஆகிய துறைகளின் தலைவர்களை நியமிப்பவரும் அவரே. சரியில்லை என்றால் மாற்றலாம். பட்ஜெட்டைத் தயாரித்து, 51 பேர் கொண்ட நகர மன்றத்தின் முன் வைப்பதும் அவர். 2002-இல் பள்ளிகளின் நிர்வாகத்தையும் மாநிலச் சட்டமன்றம் அவர் கையில் கொடுத்தது. ஏறக்குறைய 3 லட்சம் ஊழியர்கள் அவருக்குக் கீழே. கம்பெனித் தலைவர் கடையை மாற்றிக்கொண்டார், சாவிக்கொத்து இடுப்பிலேயே இருந்தது.

அப்படிப்பட்டவரும் முட்டி நின்ற இடம் உண்டு. மன்ஹாட்டனின் நெரிசல் பகுதிக்குள் பகலில் நுழையும் காருக்கு 8 டாலர் கட்டணம் வசூலிக்க வேண்டும் என்று 2007-இல் திட்டம் போட்டார். நகர மன்றம் ஆதரித்தது. ஆனால் அதற்கு மாநிலச் சட்டமன்றத்தின் அனுமதி வேண்டும். 2008-இல் அங்கே அதை வாக்கெடுப்புக்கே எடுக்கவில்லை. அப்படி ஒரு கட்டணம் நடைமுறைக்கு வந்தது 2025 ஜனவரியில், அதுவும் பின்னாளில் மாநிலம் போட்ட சட்டத்தின் மூலம்.

இன்னொரு ஊரையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க்கில் ஹெர்மன் மஷாபா 2016-இல் மேயரானார். 'பிளாக் லைக் மீ' என்ற தலைமுடிப் பொருள் நிறுவனத்தை உருவாக்கிய தொழிலதிபர். அங்கேயும் மேயருக்கு நிறைவேற்று அதிகாரம் உண்டு. ஆனால் அவர் கட்சிக்கு மன்றத்தில் பெரும்பான்மை இல்லை. ஒவ்வொரு பட்ஜெட்டுக்கும் மற்றக் கட்சிகளின் தயவு வேண்டியிருந்தது. 2019-இல் பதவி விலகினார்.

இதுவரை பார்த்தது: முதலாளி மேயரானால் என்ன நடக்கும் என்பதை அவர் திறமை மட்டும் முடிவு செய்வதில்லை. ஆளை நியமிப்பது யார், பணத்தை ஒதுக்குவது யார், மன்றத்தில் எத்தனை கை அவருக்காகத் தூக்கப்படும் என்பதும் சேர்ந்தே முடிவு செய்கிறது.

ரிப்பன் மாளிகைக்குள்

இனி நம் ஊர், அதாவது ரிப்பன் மாளிகையில் இயங்கும் சென்னை மாநகராட்சி. இந்த மாநகராட்சியையே ஒரு கம்பெனிதான் தொடங்கியது என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். 1688 செப்டம்பர் 29-ஆம் தேதி கிழக்கிந்தியக் கம்பெனியின் ஏற்பாட்டில் அது பிறந்தது. முதல் மேயர் நத்தானியேல் ஹிக்கின்சன் கம்பெனியின் ஊழியர். ஊர்க்காரர்கள் தாங்களே கூடித் தங்களுக்கு வரி போட்டுக்கொண்டால் முணுமுணுப்பு குறையும் என்பது கம்பெனியின் கணக்கு.

இன்றைய அமைப்பு அதிலிருந்து வெகுதூரம் வந்துவிட்டது. மூன்று பேரைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

முதலாவது மாமன்றம். 200 வார்டுகளிலிருந்து நாம் ஓட்டுப் போட்டு அனுப்பும் 200 கவுன்சிலர்கள் கூடும் சபை. தீர்மானம் போடுவது இதன் வேலை. மாமன்றம் கூடி ஒப்புக்கொண்டு பதிவு செய்த முடிவுதான் தீர்மானம்.

இரண்டாவது மேயர். மாமன்றக் கூட்டத்துக்குத் தலைமை தாங்குபவர், நகரின் முதல் குடிமகன் அல்லது குடிமகள். அங்கியும் தங்கச் சங்கிலியும் இவருக்குத்தான்.

மூன்றாவது ஆணையர். மாநில அரசு நியமிக்கும் ஐ.ஏ.எஸ். அதிகாரி. பொறியாளர், சுகாதார அலுவலர், வருவாய் ஆய்வாளர் எல்லோரும் இவருக்குக் கீழே. ஒப்பந்தத்தில் கையெழுத்து, பணம் வழங்கும் ஆணை, ஊழியர் மீது நடவடிக்கை எல்லாம் இவர் வழியாக நடக்கும். இவரை மாற்றுவதும் மாநில அரசு. மாமன்றம் போட்ட தீர்மானத்தை நிறைவேற்றும் அதிகாரம் சட்டப்படி இவருடையது.

சாவிக்கொத்து ஆணையர் இடுப்பில். மேயர் வீட்டுப் பெரியவர்.

இந்தப் பிரிவு நேற்று வந்ததும் இல்லை. 1919-இல் வந்த சென்னை மாநகராட்சிச் சட்டம் தலைமை நாற்காலியையும் நிர்வாகத்தையும் பிரித்து வைத்தது. நூறு வருடத்துக்கு மேல் நம் ஊர் அந்தச் சட்டத்தின் கீழ்தான் ஓடியது. 2023-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டத்திலும் இதே அச்சுதான்.

நம்பச் சிரமமாக இருந்தால் ஒரு விஷயத்தை யோசித்துப் பாருங்கள். 1973 முதல் 1996 வரை சென்னைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மாமன்றமே இல்லை. அப்புறம் 2016 அக்டோபர் முதல் 2022 தொடக்கம் வரையும் இல்லை. அந்த ஆண்டுகளில் குப்பை அள்ளினார்கள், வரி வசூலித்தார்கள், பிறப்புச் சான்றிதழ் கொடுத்தார்கள். அரசு நியமித்த தனி அலுவலர்தான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டார். மேயர் இல்லாமல் மாநகராட்சி ஓடும், ஆணையர் இல்லாமல் ஒரு வாரம்கூட ஓடாது. இது எனக்கு மகிழ்ச்சி தரும் விஷயம் இல்லை. நாம் ஓட்டுப் போட்டு அனுப்பியவர்கள் இல்லாமல் ஐந்து வருடம் போனது என் தெருவில் பலருக்குத் தெரியவே இல்லை என்பது எனக்கு வலிக்கிறது.

பணத்துக்கும் இதே கதை. 2022 ஏப்ரலில் சொத்துவரி உயர்ந்ததே, அதை முதலில் அறிவித்தது மாநில அரசு. மாமன்றத் தீர்மானம் அதற்குப் பிறகு வந்தது.

ஒரு தெரு முனை, எத்தனை வீட்டுக்காரர்கள்?

சரி, சாவிக்கொத்தை நாளைக்கே மேயரிடம் கொடுத்துவிட்டால்? அப்போதும் அந்தக் கொத்தில் எத்தனை சாவி இருக்கும் என்று பார்க்க வேண்டும். வண்ணாரப்பேட்டையிலோ தண்டையார்பேட்டையிலோ ஏதாவது ஒரு தெரு முனையில் நின்று கீழே பாருங்கள்.

தெரு நடுவே வட்டமாக ஒரு மூடி தெரியும். பொதுவாக அது கழிவுநீர்க் குழாயின் மேன்ஹோல். அது மெட்ரோ வாட்டருடையது. 1978-இல் குடிநீருக்கும் கழிவுநீருக்கும் தனியாக அமைத்த வாரியம் அது. தெரு ஓரத்தில், நடைபாதையை ஒட்டி, சிமெண்ட் பலகைகள் வரிசையாகக் கிடக்கும். அவற்றுக்குக் கீழே ஓடுவது மழைநீர் வடிகால். அது மாநகராட்சியுடையது. இரண்டு மூடிகளுக்கும் நடுவே நாலு எட்டு தூரம் இருக்காது. ஆனால் அலுவலகம் வேறு, கணக்குப் புத்தகம் வேறு, டெண்டர் வேறு. மழைநாளில் முழங்கால் அளவு கறுப்புத் தண்ணீர் நிற்கும்போது அது எந்த மூடியிலிருந்து வந்தது என்று தண்ணீருக்குத் தெரியாது. புகார் கொடுக்கும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

தலையை நிமிர்த்துங்கள். தெருவிளக்கு மாநகராட்சி. பக்கத்தில் நிற்கும் டிரான்ஸ்ஃபார்மர் மின்வாரியம். சிக்னலில் நிற்கும் காவலர் மாநில காவல்துறை. கடந்து போகும் பேருந்து மாநகர் போக்குவரத்துக் கழகம். ஆலைப் புகை மூக்கில் ஏறினால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். நாங்கள் காத்துக் கிடந்த கேட் ரயில்வேயுடையது, அதாவது ஒன்றிய அரசு. அந்த இடத்தில் மேம்பாலம் கட்டினால் தண்டவாளத்துக்கு மேலே உள்ள பகுதியை வழக்கமாக ரயில்வே கட்டும், இரண்டு பக்கமும் ஏறி இறங்கும் பகுதி உள்ளூர்ப் பொறுப்பு.

அப்புறம் மாநகராட்சியிடம் என்னதான் இருக்கிறது? நிறையவே இருக்கிறது. உட்புறச் சாலைகள், குப்பை, மழைநீர் வடிகால், மாநகராட்சிப் பள்ளிகள், நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்கள், பூங்கா, விளையாட்டுத் திடல், மயானம், கொசு மருந்து, அம்மா உணவகம். கொடுங்கையூர் குப்பைமேடும் இவர்கள் பொறுப்புதான். வடசென்னைக்காரனின் ஒரு நாளில் பாதி இந்தப் பட்டியலுக்குள் அடங்கிவிடும்.

1992-இல் வந்த 74-வது அரசியல் சட்டத் திருத்தம், நகராட்சி அமைப்புகளிடம் ஒப்படைக்கக்கூடியவை என்று 18 வேலைகளைப் பன்னிரண்டாம் அட்டவணையில் எழுதி வைத்திருக்கிறது. குடிநீரும் அதில் உண்டு. எவற்றை, எந்த அளவுக்கு ஒப்படைப்பது என்பது மாநிலத்தின் கையில் இருக்கிறது. மேயருக்கு அதிகாரம் வேண்டும் என்று உண்மையாகவே நினைப்பவர்கள் ஆளை மாற்றிப் பார்ப்பதோடு நிற்காமல் இந்தப் பட்டியலைப் பற்றிப் பேச வேண்டும் என்பது என் எண்ணம்.

சுருக்கமாக: நம் மேயருக்குச் சாவிக்கொத்து இல்லை, கொத்திலும் பல சாவிகள் இல்லை. மாமன்றத்தில் தீர்மானம் கொண்டுவரும் வழி மட்டும் எப்போதும் திறந்திருக்கிறது. அந்த ஒரு வழியில் எவ்வளவு தூரம் போக முடியும்?

நம் பேட்டையிலிருந்து போன முதலாளி

அதற்கு அமெரிக்கா போக வேண்டாம். கொருக்குப்பேட்டையே போதும். 1852-இல் இங்கே பிறந்தவர் பிட்டி தியாகராயர். நெசவு வணிகக் குடும்பம். பேட்டையில் நெசவுக்கூடம் நடத்தினார், தோல் வணிகமும் செய்தார். தென்னிந்திய வணிகர் சங்கத்தை உருவாக்கியவர்களில் ஒருவர். தி.நகருக்குப் பெயர் கொடுத்தவர் இவர்தான். பழைய வண்ணாரப்பேட்டையில் அவர் பெயரில் கல்லூரி இருக்கிறது, என் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் அங்கேதான் படிக்கிறார்கள்.

தியாகராயர் தொழிலிலிருந்து நேரே தலைமை நாற்காலிக்குத் தாவவில்லை. ஏறக்குறைய 40 ஆண்டுகள் மாநகராட்சி உறுப்பினராக உட்கார்ந்தார். எந்தத் தெருவில் குழாய் இல்லை, எந்தப் பள்ளிக்கு ஓடு இல்லை என்று தெரிந்துகொள்ள 40 ஆண்டு என்பது சின்னக் காலம் இல்லை. 1919 சட்டம் வந்தபின் மாநகராட்சியின் தலைவரானார். அப்போது அந்தப் பதவிக்கு மேயர் என்ற பெயர் இல்லை, 1933-இல்தான் அது மேயர் ஆனது. நிர்வாகம் ஆணையரிடம், தலைமை இவரிடம். இன்றைய மேயர் உட்கார்ந்திருப்பது போலவே.

1920-இல் ஒரு தீர்மானம் வந்தது. ஆயிரம்விளக்கு மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதியம் சிற்றுண்டி கொடுப்பது. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மேல் போகக் கூடாது. மன்றம் ஒப்புக்கொண்டது. ஓர் அணா என்று எல்லை கட்டியதில் வியாபாரியின் கை எனக்குத் தெரிகிறது. ஊர் முழுக்க என்று அறிவித்துவிட்டுத் திணறாமல், ஒரு பள்ளியில் தொடங்கிப் பார்த்ததிலும்தான். பிறகு இன்னும் சில பள்ளிகளுக்கு அது பரவியது.

1925-இல் அது நின்றது. அந்தச் செலவை ஆரம்பக் கல்வி நிதியிலிருந்து எடுக்க அரசு அனுமதிக்கவில்லை. பணச் சாவி அன்றும் மேலேதான் இருந்தது. அதே ஆண்டில் தியாகராயரும் காலமானார். ஆனால் பள்ளியில் சோறு போட்டால் பிள்ளைகள் வருவார்கள் என்பதை ஒரு மாநகராட்சி செய்து காட்டிவிட்டது. 1956-இல் காமராஜர் காலத்திலும் 1982-இல் எம்.ஜி.ஆர். காலத்திலும் மாநிலம் முழுக்கப் பெருகிய மதிய உணவுக்கு இந்த ஊரில் ஒரு முன்னோடி உண்டு. கொருக்குப்பேட்டைக்காரன் என்ற முறையில் எனக்கு இதைச் சொல்லிக்கொள்வதில் பெருமைதான்.

அதே 1920-இல் மாகாணத்தின் முதலமைச்சர் பதவி தேடி வந்தபோது வேண்டாம் என்றார். மாநகராட்சியை விடவில்லை.

இன்று ஒரு முதலாளி மேயராக வேண்டுமானால்

வழி தேர்தலுக்குத் தேர்தல் மாறியிருக்கிறது. 1996, 2001, 2011 தேர்தல்களில் சென்னை மக்கள் மேயருக்கு நேரடியாக ஓட்டுப் போட்டார்கள். 2006-இலும் 2022-இலும் கவுன்சிலர்கள் கூடித் தங்களில் ஒருவரைத் தேர்ந்தெடுத்தார்கள். இதற்கு மறைமுகத் தேர்தல் என்று பெயர். மறைமுகத் தேர்தல் என்றால் முதலில் ஏதாவது ஒரு வார்டில் கவுன்சிலராக வென்றாக வேண்டும். பதவிக்கு இட ஒதுக்கீடும் உண்டு. 2022-இல் சென்னை மேயர் பதவி பட்டியல் இனப் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. திரு.வி.க. நகர்ப் பகுதியின் 74-வது வார்டில் வென்ற ஆர். பிரியா 28 வயதில் மேயரானார். எம்.காம். படித்த வடசென்னைப் பெண்.

தொழில் நடத்துபவர் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் இருக்கிறது. மாநகராட்சியுடன் நடப்பில் ஒப்பந்தம் வைத்திருப்பவர் கவுன்சிலராக முடியாது என்று சட்டம் சொல்கிறது. சொந்த லாபமும் பொதுக் கடமையும் ஒரே மேசையில் மோதுவதை நலன் முரண் என்பார்கள். புளூம்பெர்க்குக்கும் இந்தக் கேள்வி வந்தது. நிறுவனத்தின் உரிமையை வைத்துக்கொண்டு, அன்றாட நிர்வாகத்திலிருந்து விலகினார். அதற்கென்றே இருந்த நகர வாரியத்திடம் அனுமதியும் வாங்க வேண்டியிருந்தது.

இதையெல்லாம் கேட்டின் முன்னால் ஒரே மூச்சில் சொல்லிவிடவில்லை. பாதியை அன்றைக்குச் சொன்னேன், மீதியை இரண்டு நாள் கழித்து டீக்கடையில். அண்ணாச்சி பொறுமையாகக் கேட்டார். அப்புறம், "அப்போ நம்ம தெருவுலயே கவுன்சிலருக்கு நின்னு தொடங்கணுமா?" என்றார். 21 வயது ஆகியிருக்க வேண்டும், பெயர் வாக்காளர் பட்டியலில் இருக்க வேண்டும், மாநகராட்சி ஒப்பந்தம் எதுவும் கையில் இருக்கக் கூடாது என்றேன்.

"ஒப்பந்தமெல்லாம் ஒண்ணும் இல்ல" என்று டம்ளரை மேசையில் வைத்தார். "ஆனா காலைல எட்டு மணிக்கு செம்புதாஸ் தெருவுக்குப் போனா ராத்திரி பத்து மணிக்குத்தான் வர்றேன். என் தெருவுல எத்தனை வீடு இருக்குன்னு இப்போ நீ கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது தம்பி."